டின்னுக்கு நானூற்று இருபது அடி

இடது காலால் மேசைக்கு ஓர் உதை. சக்கரம் வைத்த நாற்காலி பின்னோக்கி வழுக்கிப் போய், வெள்ளை எனாமல் அடுக்கின் முன்னால் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கிறது. வலது காலால் சுவரில் ஒரு தட்டு. இப்போது பிரஷ்கள் தொங்கும் கம்பி. மேல்தட்டில் இருக்கும் கால் லிட்டர் டின்களை இறக்க, முனையில் கொக்கி மாட்டிய ஒரு மூங்கில் குச்சி தயாராகச் சாய்ந்திருக்கிறது. வந்தவர் கேட்ட மூன்று சாமானும் ஒன்றரை நிமிடத்தில் மேசை மேல் இருக்கின்றன. எடுத்துக் கொடுத்தவர் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

பெயின்ட் கடையில் முப்பத்தோரு வருடமாக இப்படித்தான். ஊரே அவரைக் கலர் அண்ணன் என்று கூப்பிடுகிறது. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்; அவர் ஆட்சேபிப்பதில்லை. உலகம் அவருக்கு, நிறத்துக்கு நிறம் நம்பர் போட்ட ஒரு ஷேடு அட்டை. டீ வந்தால் குடிப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "நாலு நாப்பத்திரண்டு குடுத்திருக்கான். நான் கேட்டது நாலு நாப்பத்தஞ்சு. திருப்பிக் குடு" என்பார். மழை வருமா என்று யாராவது கேட்டால் வாசல் பக்கம் தலையை மட்டும் நீட்டி, "கிரே. ஆனா இன்னும் ஒரு கோட்டு அடிக்கணும்" என்று சொல்லித் தலையை இழுத்துக்கொள்வார். உடம்பில் அதிகம் உழைக்கும் உறுப்பு எது என்று கேட்டால் கண்ணைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் இடம் வாய்க்கு. கால்கள் பட்டியலிலேயே கிடையாது.

இந்த நிலையில் ஐம்பத்தாறாவது வயதில், தொண்ணூற்றொரு கிலோவில், அவருக்குச் சர்க்கரை வந்து சேர்ந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பேசும்போது பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறவர். "மாத்திரை பாதி வேலைதான் சார் செய்யும். மீதியை உங்க காலுதான் செய்யணும். தசை அசைஞ்சாத்தான் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துக்கும். எடையும் இறங்கும். தினம் அரை மணி, வாரத்துல அஞ்சு நாள். அவ்வளவுதான் கேக்கறேன்."

"நான் நாள் பூரா கடையில ஓடிக்கிட்டேதானே இருக்கேன் டாக்டர்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "நாற்காலி ஓடுது. இவரு மேல உக்காந்து போறாரு."

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காப்பி அடிக்கிற பிள்ளையைப் பார்த்ததும் பிடிக்கிற ரகமில்லை. கடைசி வரி வரைக்கும் எழுதவிட்டு, விடைத்தாளை வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைப்பவர். வீட்டிலும் அதே வழக்கம்தான்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், செய்தி கேட்ட மறுவாரமே கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பி வைத்தாள். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக் காட்டும் கடிகாரம். காட்டுவதோடு நிற்காமல் மகளின் போனுக்கும் கோள் சொல்லிவிடும். நாடித்துடிப்புப் பார்க்கும் பெரிய கடிகாரமும் கடையில் இருந்ததாம். "அப்பாவுக்குக் குழப்பமா இருக்கும்னு இதையே வாங்கிட்டேன்" என்றாள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கரிசனமே காரணம் என்று சொல்ல இடமிருக்கிறது.

முதல் வாரம் கடிகாரம் நியாயமாக நடந்துகொண்டது. தினமும் ஆயிரத்து நூறு, ஆயிரத்து முந்நூறு. அதில் பாதி கழிவறைக்குப் போய் வந்த கணக்கு. சர்க்கரைக்காரருக்கு அது கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மகள் போனில் வந்து, "அப்பா, பத்தாயிரத்துக்கு இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் பாக்கி" என்பாள்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கடையில் அந்தச் சம்பவம் நடந்தது.

கடையின் மூலையில் ஒரு இயந்திரம் உண்டு. வெள்ளை பெயின்டில் நிறத்தை விட்டு, மூடியை அடித்து இறுக்கி, டின்னை அதன் வாயில் வைத்துத் திருகிப் பொத்தானை அமுக்கினால், டின்னைக் கவ்விக்கொண்டு மூன்று நிமிடம் பேய் பிடித்தது போல உலுக்கும். நிறம் சீராகக் கலந்துவிடும். அன்று நீலம் விடும்போது கையில் தெறிக்குமே என்று அண்ணன் கடிகாரத்தைக் கழற்றினார். வைக்க இடமில்லை; எழுந்து போனால்தான் இடம் கிடைக்கும். ஆகவே டின்னின் கைப்பிடியிலேயே வாரைப் பூட்டினார். ஞாபகமறதியாகப் பொத்தானையும் அமுக்கிவிட்டார். மூன்று நிமிடம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நானூற்று இருபது அடி கூடியிருந்தது.

பெரிய கண்டுபிடிப்புகளின் முன்னால் அண்ணன் நிதானம் இழப்பவரல்லர். அடுத்த டின்னிலும் செய்து பார்த்தார். நானூற்றுப் பதினெட்டு. அதற்கடுத்ததில் நானூற்று இருபத்தொன்று. இருபது லிட்டர் டிரம்முக்கு ஐந்து நிமிடம் ஆட்ட வேண்டும். அது எழுநூறு கொடுத்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏழாயிரம் அடி நடந்திருந்தார். களைப்பாகக்கூட இருந்தது.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கென்று சில நெறிகள் இருந்தன. வெறும் இயந்திரத்தை ஓட்டி அடி சேர்க்கவே மாட்டார். அது பொய்க் கணக்கு. வாடிக்கையாளர் வாங்கும் டின்னில் மட்டும்தான். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி கூட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, நடையும் கிடையாது. "டாக்டரே அஞ்சு நாளு போதும்னுதானே சொன்னாங்க. நான் ஆறு நாளு பண்றேன்" என்று மனசாட்சிக்கு ஒரு நாள் போனஸும் கொடுத்திருந்தார். ஐயாயிரம் தாண்டியதும் இழுப்பறையிலிருந்து இரண்டு கிரீம் பிஸ்கட் எடுத்துக்கொள்வார். அவ்வளவு நடக்கிற மனுஷனுக்குத் தெம்பு வேண்டாமா?

விஷயம் தெரிந்த ஒரே ஆள் பெயின்டர் மேஸ்திரி. தினமும் டின் வாங்க வருகிறவர், மறைக்க முடியவில்லை.

"அண்ணே, வாட்ச்சு மேல கலரு தெறிக்கப் போவுது."

"அது வாக்கிங் போயிருக்கு. நீ பேசாம நில்லு."

மேஸ்திரி இயந்திரத்தையும் அண்ணனின் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் டின்னாக வாங்கவேண்டியதை டிரம்மாக வாங்க ஆரம்பித்தார். "வேலை என்னமோ சின்னதுதாண்ணே. உங்களுக்கும் ஒரு எழுநூறு சேரட்டுமேன்னுதான்."

மகளின் போனில் குடும்பத்துக்கென்று ஒரு வரிசைப் பட்டியல் இருந்தது. தினமும் விடியற்காலையில் எழுந்து ஓடுகிற மாப்பிள்ளைதான் அதில் முதலிடம். மூன்றே வாரத்தில் மாமனார் பதினோராயிரத்து இருநூறில் போய் அதற்கு மேலே உட்கார்ந்துகொண்டார். மகள் ஆபீஸ் முழுக்கச் சொன்னாள். மாப்பிள்ளை மரியாதைக்காரர், மாமனாரை முந்த வேண்டும் என்று வெளியில் சொல்லவில்லை. சொல்லாமல் சாயங்காலமும் ஓட ஆரம்பித்தார். ஒரு நாள் மகள் போனில், "அவருக்கு முழங்கால் வீங்கிடுச்சுப்பா. ரெண்டு வாரம் படியே ஏறக் கூடாதாம்" என்றாள். அண்ணன் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். பிறகு, "வயசுக்குத் தகுந்த மாதிரி போகச் சொல்லும்மா" என்று புத்தி சொன்னார்.

மூன்று மாதம் கழிந்து ரத்தப் பரிசோதனை. ஊசி என்றால் அண்ணனுக்கு ஆகாது. ஊசி குத்தும்போது சுவரைப் பார்த்து நிறம் சொல்வது அவர் வழக்கம். "ஆஸ்பத்திரிப் பச்சை. ரெண்டாவது கோட்டு அடிக்காம ஏமாத்திட்டான்" என்று முனகிக்கொண்டே ரத்தம் கொடுத்தார்.

முடிவு வந்தது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி நாலிலிருந்து ஒன்பது புள்ளி ஒன்றுக்கு ஏறியிருந்தது. எடை தொண்ணூற்று மூன்று. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். அண்ணன் நீட்டிய போனில் அடிக் கணக்கைப் பார்த்தார். பேனாவை நாலு தடவை திறந்து மூடினார்.

"மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கறீங்களா சார்?"

"ஒரு வேளை தப்பாது. நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றார் மனைவி.

"அப்ப ஒண்ணுதான் அர்த்தம். பதினோராயிரம் அடி நடந்தும் ஏறுதுன்னா, நடையும் மாத்திரையும் சேர்ந்தே உங்களுக்குப் பத்தலை. இனி நாம தள்ளிப்போட வேண்டாம். இன்சுலின் ஊசி ஆரம்பிச்சிடலாம். வீட்டுலேயே தினம் வயித்துல நீங்களே போட்டுக்கலாம். வலிக்கவே வலிக்காது."

சுவரில் இருந்த பச்சை இந்த முறை உதவிக்கு வரவில்லை. மூன்று மாதத்தில் எத்தனை டின் என்று அவருக்குத் தெரியும். அத்தனையும் இப்போது ஊசியாகத் திரும்பி வந்து நிற்கிறது. உண்மையைச் சொன்னால் ஊசி இல்லை. ஆனால் மகளின் ஆபீஸ் இருக்கிறது. மாப்பிள்ளையின் முழங்கால் இருக்கிறது. சொல்லாவிட்டால் மானம் தப்பும், வயிறு தப்பாது.

"டாக்டர், எனக்கு ஒரு மூணு மாசம் குடுங்க. நான்… இன்னும் கொஞ்சம் நல்லா நடக்கறேன்."

"இதுக்கு மேலயா? வேண்டாம் சார். சரி, உங்களுக்கு அவ்வளவு பயமா இருந்தா ஒரு ஏற்பாடு பண்றேன். வாரம் ரெண்டு தடவை வெறும் வயித்துல சர்க்கரை பார்த்து எனக்கு அனுப்பணும். நான் சொல்ற அளவுக்கு மேல போனா அன்னைக்கே ஊசி, பேச்சே கிடையாது. நடையை மாத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடிச்சதும் பத்து நிமிஷம் நடங்க. சாயங்காலம் ஒரு அரை மணி. இது போதும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலில் குனிந்து அவருடைய செருப்பில் ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஒன்றரை வருடத்துச் செருப்பு. அடிப்பாகத்தில் அச்சடித்த '9' என்ற எண், கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே பளிச்சென்று இருந்தது.

"ஒம்போது" என்று வாய்விட்டுப் படித்தார். செருப்பைப் பழைய இடத்தில் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அண்ணன் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, கலர் அண்ணன் கடையை விட்டு வெளியே இறங்கினார். கடிகாரம் மணிக்கட்டில் இருந்தது. தெருக்கோடி வரை போனார். அங்கே ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, போக்குவரத்தைக் கவனிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கெண்டைக்கால் இரண்டும் யாருடையவோ போல இருந்தன. திரும்பி வந்து பார்த்தால் அறுநூற்று நாற்பது அடி. இரண்டு டின்கூட ஆகவில்லை. இத்தனை நாள் எவ்வளவு மலிவாக ஆட்டிக்கொண்டிருந்தோம் என்று இயந்திரத்தை மரியாதையோடு பார்த்தார்.

மேஸ்திரி கடை வாசலில் நின்றிருந்தார். "என்னண்ணே, மெஷின் ரிப்பேரா?"

"இல்ல. நான்தான் ரிப்பேரு."

அதன் பிறகு தினமும் நடந்தார். காலையில் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியைச் சுற்றி. மதியம் தெருக்கோடி மின்கம்பம். இரண்டாவது வாரம் அதற்கு அடுத்த கம்பம். சாயங்கால அரை மணிக்கு மனைவியும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. அண்ணன் வழியிலுள்ள வீடுகளின் சுவர்களை விமரிசித்துக்கொண்டு வருவார்: "இது நம்ம டிரம்மு. எழுநூறு." என்ன எழுநூறு என்று மனைவி கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் உணர்ந்தார். இயந்திரம் நடந்த காலத்தில்தான் பிஸ்கட் தேவைப்பட்டது; தானே நடந்து வந்த பிறகு இழுப்பறையைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. நாற்காலிச் சக்கரங்களில் ஒன்று கழன்று விழுந்தபோது அதை மாட்டவும் இல்லை. கடைக்குள்ளேயும் எழுந்து நடக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரே ஒரு கஷ்டம் இருந்தது. நேர்மைக்குக் கிடைத்த பலன் அது. முழு நாளும் நடந்து ஓய்ந்தாலும் கடிகாரம் ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. முதல் வாரமோ மூவாயிரத்துக்கே முக்கியது. மகள் பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"அப்பா, என்னாச்சு? பதினோராயிரத்துல இருந்து ரெண்டாயிரத்து எண்ணூறா? படுத்துட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

'நடக்க ஆரம்பிச்சிருக்கேன்மா' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "டாக்டர் அளவா போகச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"சோம்பேறித்தனத்துக்கு டாக்டர் பேரா? முழங்கால் வலியோட அவரே நாலாயிரம் போறாரு. வெக்கமா இல்லையாப்பா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, சோம்பேறி என்று பெயர் வாங்கினார் கலர் அண்ணன். கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். பட்டியலில் மாப்பிள்ளை மறுபடி முதலிடம். அந்த வீட்டில் அன்று மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

வாரம் இரண்டு தடவை விரல் நுனியில் குத்திப் பார்த்த எண்கள் முதலில் அடம்பிடித்தன. நாலாவது வாரம் கொஞ்சம் இறங்கின. எட்டாவது வாரம் பெல்ட்டில் தொப்பைக்காக ஆணியால் போட்ட கடைசி ஓட்டை வேண்டாததாகிவிட்டது.

மூன்று மாதம் முடிந்து போன அன்று, ஆஸ்பத்திரிக் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். அகலமான ஆள். அண்ணனின் பெயின்ட் தெறித்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"பெயின்ட் கடைக்காரர் நீங்கதானா? டாக்டரம்மா உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. பேரு சொல்லலை, பெயின்ட் கடையில ஒருத்தர்னாங்க. ஒரே இடத்துல வேலை பார்த்துக்கிட்டே பதினோராயிரமாமே? அதைக் கேட்டுத்தாங்க எனக்கே ரோஷம் வந்துச்சு. லோடு இறக்கற நேரம் லாரியைச் சுத்திச் சுத்தி வர்றேன். எட்டாயிரம் தொட்டுட்டேன். ஒம்போது கிலோ போச்சு."

அண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உள்ளே டாக்டர் காகிதத்தை ஒரு பக்கமும் போனை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு பரவசத்தில் இருந்தார். சராசரி ஏழு புள்ளி நாலு. எடை எண்பத்தேழு.

"ஊசிப் பேச்சை விட்டுடலாம் சார். ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியலை. பதினோராயிரம் நடந்தப்ப ஏறுச்சு. அஞ்சாயிரம் நடந்தா இறங்குது. அதிகமா நடந்ததுதான் உங்க உடம்புக்கு ஒத்துக்கலை போல. நான் இப்படி ஒரு கேஸ் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் டாக்டருங்க கூட்டத்துல உங்க சார்ட்டைக் காட்டப் போறேன்." பேனா திறந்தது; மூடியது. "வெளியில ஒரு லாரி டிரைவர் இருக்காரே, அவர் எட்டாயிரம் போறாரு. எதுக்கும் அவரையும் பாதியா குறைக்கச் சொல்லிப் பார்க்கணும்."

அண்ணன் சுவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பச்சை, ஒரே கோட்டு. மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. கதவோரம் கழற்றி விட்டிருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கிளம்பும்போது அவர் அதைத் திருப்பிப் பார்த்ததும், அடிப்பாகம் வழுவழுவென்று இருந்ததும், எண்ணைத் தேடி விரலால் ஒரு முறை தடவியதும் அண்ணனுக்குத் தெரியும். இன்றைக்கு அவர் எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"டாக்டர், அவரைக் குறைக்கச் சொல்லாதீங்க" என்றார் அண்ணன்.

"ஏன் சார்?"

நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றாமலே எழுந்தார். மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். டாக்டர் மேசையில் இருந்த இருமல் மருந்துப் புட்டியை எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் ஒரு திருகு திருகினார். புட்டியின் கழுத்தில் வாரைச் சுற்றி, கடைசி ஓட்டையில் பூட்டினார். கடிகாரத்தின் முகத்தை டாக்டர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, புட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார்.

இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. இருபத்தாறு. நாற்பத்தொன்று.

டாக்டர் மேசை மேல் முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்தார். பேனா திறந்தபடியே நின்றுவிட்டது. அண்ணன் பச்சைச் சுவரைப் பார்த்தபடி நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். டின் என்றால் மூன்று நிமிடம்.